மரத்துக்குக் குரல் வைக்க வருகிறவர்களுக்கு

அமெரிக்கக் காடுகளில் வசந்தகால வான்கோழி வேட்டை துரத்திப் பிடிக்கிற வேலை அல்ல. மரத்தில் முதுகைச் சாய்த்து அசையாமல் உட்கார வேண்டும். பெட்டைக் கோழியின் குரலில் பேச வேண்டும். எங்கோ கொக்கரிக்கும் சேவல் அதை நம்பி நடந்து வர வேண்டும். அந்தக் குரலைத் தருகிற சிறிய மரப்பெட்டியைத்தான் பாக்ஸ் கால் என்கிறார்கள். ஆர்கன்சாவின் டார்டனெல் ஊரைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் 1897இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். மேலே திறந்த ஒடுக்கமான பெட்டி, ஒற்றைத் திருகாணியில் பக்கவாட்டில் ஆடும் மூடி. அன்றிலிருந்து அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை. இன்று தொழிற்சாலைகள் இதைக் குவியல் குவியலாக வெட்டித் தள்ளுகின்றன. இருந்தும், கையால் செய்ததுதான் வேண்டும் என்று கேட்கிற வேட்டைக்காரர்கள் குறையவில்லை. கற்றுக்கொள்ள வருகிற இளையவர்களும் குறையவில்லை. அவர்களிடம் பட்டறையில் சொல்வதை வரிசையாக எழுதுகிறேன்.

1. உளியை எடுக்குமுன் காதைத் தீட்டுங்கள்.

கருவிகளை வாங்கிக் குவித்துவிட்டு, ஒரு விடியற்காலைகூடக் காட்டில் உட்காராமல் பெட்டி செய்ய ஆரம்பிப்பவர்கள் உண்டு. அவர்கள் பெட்டிகள் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கோழியாக இருக்காது. ஏப்ரல் மாதத்தில் கருக்கலுக்கு முன்பே போய் உட்காருங்கள். கிளையில் அடைந்திருக்கும் பெட்டை முதலில் மெல்ல, தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல மூன்று நான்கு தரம் கூப்பிடும். தரைக்கு இறங்கும்போது இறகுச் சடசடப்போடு வேகமாகக் கெக்கரிக்கும். இறங்கிய பிறகு வருவதுதான் யெல்ப் என்கிற முதன்மையான அழைப்பு. ஒவ்வொரு ஒலியும் தெளிவாக, உயர்ந்து தொடங்கி, உடனே உடைந்து, கரகரத்து இறங்கும். அந்த உடைவு இல்லாத பெட்டியை நான் அழைப்பான் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மேயும்போது கிளக் என்று ஒற்றை ஒலி விடும். மனம் அமைதியாக இருந்தால் தொண்டைக்குள் ‘ர்ர்ர்’ என்று உருட்டும். இலையுதிர் காலத்தில் தாயைப் பிரிந்த இளசுகள் ‘கீ-கீ’ என்று விசிலடிக்கும். வெடுக்கென்று கூர்மையாக ‘புட்’ என்று வந்தால் அது ஆபத்து அறிவிப்பு; கேட்ட கோழிகள் அந்த இடத்தில் நிற்காது. கிளக்குக்கும் புட்டுக்கும் உள்ள வேறுபாடு நூலிழை அளவுதான். உங்கள் பெட்டி கிளக்கைப் புட்டாகச் சொல்லிவிட்டால், வாங்கியவரின் காலைப்பொழுது அத்தோடு முடிந்தது.

இன்னொன்றையும் காட்டில்தான் கற்க முடியும். பெட்டைகள் எல்லாம் இனிமையாகப் பாடுவதில்லை. சிலவற்றின் குரல் கட்டையாக இருக்கும், சில கீச்சிடும். ஆனால் தாளம் தவறுவதில்லை. சேவல் நம்புவது பெரும்பாலும் அந்தத் தாளத்தைத்தான். எனவே தாளத்தை விரல் எளிதாகப் பிடிக்கும்படியான பெட்டியைச் செய்யுங்கள்.

2. முதல் வேலையாகப் பெட்டி வேண்டாம்.

சிலேட்டுத் தட்டைக் குச்சியால் உரசிக் குரல் எழுப்புகிற சிலேட்டு அழைப்பானின் குச்சியிலிருந்து தொடங்குங்கள். கடைசல் பிடிக்கத் தெரிந்தால் ஒரே நாளில் ஹிக்கரி, மேப்பிள், பர்ப்பிள்ஹார்ட் என்று பல குச்சிகள் கடையலாம். ஒரே சிலேட்டில் அவற்றை மாற்றி மாற்றி உரசிப் பாருங்கள். கல் மாறவில்லை, கை மாறவில்லை, மரம் மட்டும் மாறுகிறது. குரலோ வேறு வேறு கோழிகளுடையதாக வரும். மரத்தின் அடர்த்தி என்ன செய்கிறது என்பதை இதைவிட மலிவாகக் கற்க முடியாது. அடுத்து ஸ்கிராட்ச் பாக்ஸ் செய்யுங்கள். மூடி இணைக்கப்படாத, உள்ளங்கையில் அடங்கும் பெட்டி அது. தனிக் கட்டையால் விளிம்பை உரச வேண்டும். திருகாணியும் ஸ்பிரிங்கும் தரும் தொல்லை இல்லாமல், பெட்டியின் ஒலியை மட்டும் அது உங்களுக்குக் காட்டும்.

3. மரம் வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள்.

பெட்டிக்கு இலேசான, நேரான ரேகையுள்ள மரம் வேண்டும்: டூலிப் பாப்லர், பட்டர்நட், சிடார், சாசஃப்ராஸ். மூடிக்கு அதைவிடக் கெட்டியான மரம் பொருந்தும்: வால்நட், செர்ரி, பர்ப்பிள்ஹார்ட். இது வழக்கம், சட்டமல்ல. வால்நட் பெட்டி மேல் செர்ரி மூடி வைத்து அருமையான குரல் எடுத்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் முடிச்சு விழுந்த பலகையையும், ரேகை குறுக்கே ஓடுகிற பலகையையும் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். மெல்லியதாக இழைக்கும்போது அது பிளக்கும், அல்லது அந்த இடத்தில் ஒலி செத்துவிடும்.

பலகை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரப்பதம் 6 முதல் 8 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. ஒரு முனையை இரண்டு விரலால் தொங்கவிட்டு, முட்டியால் தட்டிக் கேளுங்கள். சில பலகைகள் கணீரென்று பதில் சொல்லும், சில மொத்தென்று நிற்கும். பக்கப் பலகைக்கு முதல் வகைதான்.

பழைய களஞ்சியக் கொட்டகைகளைப் பிரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் ஓடிப் போய்ப் பாருங்கள். அமெரிக்கச் செஸ்ட்நட் அங்கே கிடைக்கலாம். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய பூஞ்சை நோய் அந்த மரத்தை நூற்றுக்கணக்கான கோடிக் கணக்கில் அழித்தது. பெருமரங்களாக அவை நின்ற காடுகள் இன்று இல்லை. காட்டு வான்கோழிகள் அதன் கொட்டைகளைத் தின்று வளர்ந்த காலம் ஒன்று இருந்தது. கொட்டகைச் சட்டத்தில் பல தலைமுறை காய்ந்த அந்தப் பலகைக்குப் பெட்டைக் குரல் கொடுப்பதில் எனக்குத் தனி நிறைவு உண்டு. பலகையை அறுக்குமுன் ஆணிகளை எல்லாம் தேடிப் பிடுங்கிவிடுங்கள்.

4. குரல் பக்கப் பலகையில் இருக்கிறது.

மூடி விளிம்பின் மேல் வெறுமனே வழுக்கிப் போவதில்லை. ஒட்டுகிறது, விடுபடுகிறது, மறுபடி ஒட்டுகிறது. ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை இது நடக்கிறது. வயலின் வில் தந்தியை இழுப்பதும் இப்படித்தான். அங்கே ரோசின், இங்கே சாக்குக்கட்டி. அந்த அதிர்வை வாங்கிப் பெருக்குவது பக்கப் பலகையும் உள்ளே இருக்கும் காற்றும்.

ஆகவே பொறுமை முழுவதையும் இங்கே செலவழியுங்கள். பலகையை 3 மி.மீ. அளவில் நிறுத்திப் பெட்டியைக் கூட்டி, மூடி போட்டுக் கேளுங்கள். பிறகு கொஞ்சம் இழையுங்கள், மறுபடி கேளுங்கள். பலகை மெலிய மெலியப் பொதுவாகச் சுருதி இறங்கும், கரகரப்பு கூடும். ஓர் எல்லைக்கு மேல் போனால் குரல் தகரமாகிவிடும். எடுத்த மரத்தை ஒட்டவைக்க வழியில்லை. கடைசிக் கட்டத்தில் இழைப்புளியை வைத்துவிட்டு உப்புத்தாளுக்கு மாறுங்கள். இரண்டு பக்கங்களையும் ஒரே கனமாக வைக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் இளம் பெட்டை, மறுபக்கம் கிழப் பெட்டை என்று இரண்டு குரல் கொடுப்பது நல்ல தயாரிப்பாளர்களின் பழக்கம்.

அளவுகளைக் குறித்து வையுங்கள், ஆனால் அவற்றையே நம்பி அடுத்த பெட்டியை இழைக்காதீர்கள். ஒரே பலகையிலிருந்து அறுத்த இரண்டு துண்டுகள்கூட ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. கணினி ரம்பத்தால் செய்ய முடியாத வேலை இதுதான்: நிறுத்திக் கேட்டு, இன்னும் ஓர் இழுப்பா, போதுமா என்று முடிவு செய்வது.

5. மூடியின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கக் கூடாது.

குறுக்கே மெல்லிய வளைவு வேண்டும். அந்த வளைவு விளிம்பைக் கடக்கிற இடத்தில்தான் உயர்ந்த ஒலி உடைந்து தாழ்ந்த ஒலியாகிறது. வளைவு போதாவிட்டால் ஒலி ஒரே தட்டாக வரும், மிஞ்சிவிட்டால் தாவும். மூடியின் நீளமும் கைப்பிடியின் எடையும் தாளத்தை ஆள்கின்றன. தென் கரோலினாவின் நீல் காஸ்ட் படகுத் துடுப்புபோல் நீண்ட மூடி வைத்துச் செய்த பெட்டிகளை இன்று சேகரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குகிறார்கள். வாய்ப்புக் கிடைத்தால் அவற்றில் ஒன்றைக் கையில் வாங்கி, மூடி எப்படித் தானாகவே திரும்பி வருகிறது என்று கவனியுங்கள். கற்பதற்காக அந்த வடிவத்தைப் பார்த்துச் செய்யலாம். அதை உங்கள் சொந்த வடிவம் என்று சொல்லி விற்பது திருட்டு.

6. பசை குறைவாக.

வச்சிரமோ வெள்ளைப் பசையோ, மூட்டில் மெல்லியதாகப் பூசி நன்றாக இறுக்குங்கள். உள்ளே வழிந்து காய்ந்த பசை அதிர்வைத் தின்னும்.

7. விளிம்பிலும் மூடியின் அடியிலும் வார்னிஷ் படக் கூடாது, எண்ணெய் படக் கூடாது, விரல்கூடப் படக் கூடாது.

வெளிப்புறத்துக்கு என்ன பூச்சு வேண்டுமானாலும் கொடுங்கள். உரசுகிற பரப்பு வெறும் மரமாக இருக்க வேண்டும். மெழுகு கலக்காத சாக்குக்கட்டிதான் பூச வேண்டும். சில வகைச் சாக்குகளில் மெழுகு இருக்கிறது. ஒரு தடவை தேய்த்தாலே மரத்தின் துளைகள் அடைபட்டு ஒலி வழுக்கும். மழையில் பெட்டி ஊமையாகும் என்பதையும் வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள். பழைய வேட்டைக்காரர்கள் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போவார்கள். அதைவிட நல்ல உறையை நான் பார்த்ததில்லை.

8. தூசியை மதியுங்கள்.

முகமூடி இல்லாமல் உப்புத்தாள் போடாதீர்கள். சிடார் தூசி பலருக்கு மூச்சிரைப்பு தரும். கோகோபோலோ தூசியால் தோல் தடிக்கும். ஒரு தடவை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு தொடவே முடியாமல் போகலாம். நம் ஊர் ஈட்டி மரத்தின், அதாவது தோதகத்தியின் நெருங்கிய உறவு இந்த மத்திய அமெரிக்க மரம். 2017 ஜனவரியிலிருந்து இரண்டும் சேர்ந்த பேரினம் முழுவதும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியல்களில் இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று காட்டச் சீட்டு இல்லாத பலகையை வாங்காதீர்கள்.

9. ஆர்டர் எடுக்கும்போது மரத்தைப் பற்றிக் கடைசியில் பேசுங்கள்.

முதலில் வாங்குகிறவரின் கையைப் பாருங்கள். இடது கைக்காரரா? விரல் நீளமா, குட்டையா? விரல்கள் பக்கப் பலகையைப் பொத்தினால் எவ்வளவு நல்ல பெட்டியும் அமுங்கிப் பேசும். பிடிக்கிற இடத்தை அவருக்கென்று அமைக்க வேண்டும். எந்த நிலத்தில் உட்காருகிறார் என்று கேளுங்கள். டெக்சாஸின் திறந்த வெளியில், காற்றடிக்கும் பகலில், தொலைவுக்குக் கேட்கிற குரல் வேண்டும். அப்பலாச்சிய மலைச்சரிவின் அடர்ந்த காட்டுக்கு மென்மையாகப் பேசத் தெரிந்த பெட்டி வேண்டும். நடக்கும்போது பைக்குள் பெட்டி தானாகக் கிறீச்சிடாமல் இருக்க ஒரு துண்டுத் துணியும் ரப்பர் பட்டையும் சேர்த்துக் கொடுங்கள். வேட்டைக்காரரின் மனைவியோ மகனோ பரிசாக வாங்குகிறார் என்றால், அவசரப்படாமல் இன்னும் நிறையக் கேளுங்கள்.

10. விற்கும்போது பாதுகாப்பையும் சேர்த்துக் கொடுங்கள்.

சேவலின் கொக்கரிப்பையும் பெட்டியில் எழுப்பலாம். ஆனால் பலர் வேட்டையாடும் பொதுக் காட்டில் அதை எழுப்புவது, இன்னொருவரின் துப்பாக்கியை உங்களை நோக்கி அழைப்பதாகும். சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களை அணிந்து போகக் கூடாது. சேவலின் தலையில் இருப்பவை அந்த நிறங்கள்தான். புதியவர் யாராவது வாங்க வந்தால் இவற்றைச் சொல்லாமல் பெட்டியைக் கைமாற்றாதீர்கள். வயதில் மூத்தவரானாலும் சொல்லுங்கள்.

11. பறவையின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வேட்டையும் காடழிப்பும் சேர்ந்து இந்தப் பறவையைப் பல மாநிலங்களில் இல்லாமலே செய்திருந்தன. பண்ணையில் வளர்த்து விட்ட கோழிகள் காட்டில் பிழைக்கவில்லை. 1950களிலிருந்து வெடிவிசையால் வலைகளை வீசிக் காட்டுக் கோழிகளையே உயிரோடு பிடித்து, அவை இல்லாத காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். அந்த வழிதான் பலித்தது. 1973இல் தேசிய காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு தொடங்கியபோது நாடு முழுவதும் ஏறத்தாழ 15 லட்சம்தான் இருந்ததாகக் கணக்கு; பின்னாளில் எண்ணிக்கை 60 லட்சத்தைத் தாண்டியது. இப்போது தென்கிழக்கு மாநிலங்கள் சிலவற்றில் மறுபடி குறைந்து, வேட்டைக் காலத்தைச் சுருக்கியிருக்கிறார்கள். அந்தக் கட்டுப்பாட்டைக் குறைசொல்லும் வாடிக்கையாளரோடு சேர்ந்து தலையாட்டாதீர்கள். நாம் செய்யும் குரலுக்குப் பதில் சொல்லக் காட்டில் சேவல் இருந்தாக வேண்டும்.

12. பெட்டிக்குள் உங்கள் பெயர், ஆண்டு, வரிசை எண், மர வகை எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுங்கள்.

பல ஆண்டுகள் கழித்துப் பழுதுபார்க்கத் திரும்பி வரும்போது அது உதவும். பெரும்பாலும் பெரிய பழுது இருக்காது. விளிம்பில் பழைய சாக்கும் கைப்பிசுக்கும் கெட்டிப்பட்டிருக்கும். மென்மையான தேய்ப்புப் பட்டையால் மெல்லத் துடைத்தெடுங்கள், உப்புத்தாளைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். அடுத்து திருகாணியைப் பாருங்கள். யாராவது கழற்றி மாட்டியிருப்பார்கள், கால் சுற்றுப் பிசகியிருந்தாலும் குரல் மாறியிருக்கும். இதற்காகத்தான் முதலில் சுருதி சேர்த்த அன்றே திருகாணித் தலையிலும் மூடியிலும் ஒரே நேர்கோட்டில் சிறு கீறல் போட்டு வைக்கச் சொல்கிறேன். இரண்டு கீறலும் சேரும்வரை திருப்பி, சாக்கு பூசி, வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்து இழுக்கச் சொல்லுங்கள்.