கொல்லையில் ஒரு தீனித் தட்டு: பயிரின் காவலர் யார், களவாளி யார்?

நமது வயலுக்குத் தினமும் வந்து போகும் உயிர்களில் பறவைகளே அதிகம் கண்ணில் படுகின்றன. இருந்தும், வருவதையெல்லாம் 'குருவி' என்ற ஒரே பெயரில் அழைத்து, கல்லெறிந்து விரட்டி விடுகிறோம். கதிரைக் கொத்துவது எது, புழுவைப் பொறுக்குவது எது என்று தெரியாமல் விரட்டினால் நஷ்டம் விவசாயிக்குத்தான். பறவைகளைப் பிரித்து அறிய அதிகச் செலவு எதுவும் வேண்டாம். வீட்டுக் கொல்லையில் ஒரு தீனித் தட்டும், ஒரு தண்ணீர்ச் சட்டியும், தினம் கால் மணி நேரமும் போதும்.

பறவைக்குத் தீனி வைப்பது நமக்குப் புதிது அல்ல. காக்கைக்குச் சோறு வைத்த பிறகே சாப்பிடும் வழக்கம் இன்றும் உள்ளது. அறுவடையானதும் நெற்கதிரைக் குஞ்சமாகக் கட்டி வாசலில் தொங்க விடுவதும் உண்டு. அந்த வழக்கத்தோடு கவனிப்பதையும் சேர்த்துக் கொள்வதே இங்கு சொல்லப்படுவது.

சீனாவில் நடந்தது

1958-ம் ஆண்டு சீனாவில் எலி, ஈ, கொசு ஆகியவற்றோடு சிட்டுக்குருவியையும் ஒழிக்க நாடு தழுவிய இயக்கம் நடந்தது. தானியத்தைத் தின்கிறது என்பதே குருவி மீதான குற்றச்சாட்டு. மக்கள் தகரத்தைத் தட்டி, குருவிகளை உட்கார விடாமல் விரட்டிக் கொன்றனர். ஆனால் தானியம் தின்னும் அதே குருவி, கூட்டிலுள்ள குஞ்சுகளுக்குப் புழு பூச்சிகளையே பிடித்து ஊட்டுகிறது. குருவிகள் குறைந்ததும் வெட்டுக்கிளியும் மற்றப் பூச்சிகளும் பெருகின. 1960-ல் ஒழிப்புப் பட்டியலிலிருந்து குருவி நீக்கப்பட்டு, அதன் இடத்தில் மூட்டைப்பூச்சி சேர்க்கப்பட்டது. அங்கு ஏற்பட்ட பெரும் பஞ்சத்தின் பல காரணங்களில் இதுவும் ஒன்று. தீர்ப்புச் சொல்வதற்கு முன் கவனிக்க வேண்டும் என்பதே இதிலுள்ள பாடம்.

தட்டு வைக்கும் முறை

பழைய முறம், மூங்கில் தட்டு, மண் ஓடு எதுவானாலும் சரி. சுமார் 5 அடி உயரத்தில் ஒரு கம்பத்தின் மேல் பொருத்த வேண்டும். பூனை பதுங்கக்கூடிய புதரிலிருந்து 6 முதல் 8 அடி தள்ளி இருப்பது நல்லது. பறந்து தப்ப அருகில் ஒரு மரம் இருக்க வேண்டும். மழைநீர் தேங்காமல் தட்டின் அடியில் துளையிட வேண்டும்.

கம்பு, தினை, சோளம், நொய்யரிசி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை ஒரு கைப்பிடி, காலையில் மட்டும் வைத்தால் போதும். பப்பாளி, வாழைப்பழத் துண்டு வைத்தால் கொண்டைக்குருவி, குயில், மைனா முதலியன வரும். உப்பிட்ட பண்டம், எண்ணெய்ப் பலகாரம் கூடாது. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையும் தானியமும் பறவைக்கு நஞ்சாகும். விதைநேர்த்தி செய்து மீந்த விதையை எக்காரணம் கொண்டும் தட்டில் போடக் கூடாது.

தீனியை விடத் தண்ணீர் முக்கியம். இரண்டு அங்குல ஆழமுள்ள மண் சட்டியில் தண்ணீர் ஊற்றி, நடுவே ஒரு கல்லைப் போட்டு வையுங்கள். கொசுப்புழு வளராமலிருக்கத் தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில், தானியத் தட்டைத் திரும்பியும் பார்க்காத பறவைகள் கூடத் தண்ணீருக்கு வந்து சேரும்.

கோழி வளர்ப்பவர்கள் கவனத்துக்கு

தட்டையும் சட்டியையும் கோழிக் கூண்டுக்கு அருகில் வைக்கக் கூடாது. வெள்ளைக்கழிச்சல் நோய் காட்டுப் பறவைகள் மூலமும் கோழிக்குப் பரவக் கூடும். கோழித் தீவனத்தையும் தண்ணீரையும் காக்கை தொடாதபடி மூடி வைக்க வேண்டும். தீனித் தட்டை வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவி வெயிலில் காய வையுங்கள். காக்கைகளோ மற்றப் பறவைகளோ கூட்டமாக இறந்து கிடந்தால் வெறுங்கையால் தொடாமல், உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவித்து, தட்டையும் எடுத்துவிட வேண்டும். 2021-ம் ஆண்டுத் தொடக்கத்தில் வடமாநிலங்கள் சிலவற்றில் பறவைக்காய்ச்சலால் காக்கைகள் மடிந்தது நினைவிருக்கலாம்.

அலகைப் பார்த்தால் ஆகாரம் தெரியும்

பறவையின் பெயர் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. அலகைப் பாருங்கள்.

கூம்பு போன்ற தடித்த, குட்டை அலகு தானியத்தை உடைப்பதற்கு. சிட்டுக்குருவி, தூக்கணாங்குருவி, தினைக்குருவி ஆகியவை இந்த வகை. கொக்கி போல் வளைந்த தடித்த அலகுள்ள பச்சைக்கிளி பழத்தையும், சூரியகாந்தி, மக்காச்சோள மணிகளையும் சிதைக்கும். மெல்லிய நேரான அலகுள்ள தையல்சிட்டும் வாலாட்டிக் குருவியும் பூச்சி பொறுக்குபவை. நீண்டு வளைந்த அலகால் கொண்டலாத்தி மண்ணைக் கிளறிப் புழு எடுக்கும். சிறிய வளைந்த அலகுள்ள தேன்சிட்டு பூவில் தேன் குடிக்கும், சிறு பூச்சியும் பிடிக்கும். கூரிய கொக்கி அலகும் வலுவான நகமும் உள்ள வல்லூறு, ஆந்தை, கூகை ஆகியவை ஊன் உண்பவை.

தட்டுக்கு வராமல் பக்கத்து மின்கம்பியில் அமர்ந்திருக்கும் பறவைகளே நமக்கு அதிக உதவி செய்பவை. கரிச்சான் எனப்படும் இரட்டைவால் குருவி, பனங்காடை, பஞ்சுருட்டான் ஆகியவை உயரத்திலிருந்து பார்த்துப் பூச்சியைப் பிடிக்கும். அவற்றுக்குத் தானியம் தேவையில்லை, உட்கார இடம்தான் தேவை.

குறிப்பேடு

காலையில் சூரியன் உதித்ததும் கால் மணி நேரம், மாலையில் கால் மணி நேரம் பார்க்கலாம். பள்ளி செல்லும் பிள்ளைகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து நான்கு பத்திகள் போடச் சொல்லுங்கள்: தேதி, பறவை, எத்தனை, என்ன செய்தது. வயலுக்குப் போகும்போதும் இப்படியே எழுதலாம். ஒரு வருடம் எழுதினால், அது உங்கள் வயலின் பஞ்சாங்கம் ஆகிவிடும்.

உதாரணமாக, பயறு வயலில் மைனாவும் கரிச்சானும் தொடர்ந்து இறங்கினால், அங்கே புழு இருக்கக் கூடும். உடனே இறங்கிச் செடிகளைப் புரட்டிப் பாருங்கள். உழவின்போது உண்ணிக்கொக்கும் மைனாவும் ஏரின் பின்னால் வந்தால், மண்ணிலிருந்து வெளிப்படும் புழுக்களைப் பொறுக்குகின்றன என்று பொருள். அப்போது அவற்றை விரட்ட வேண்டாம். தினைக்குருவிக் கூட்டம் வரப்போரம் வந்து கூடினால், கதிர் பால் பிடிக்கும் பருவம்; காவலுக்கு நேரமாகிவிட்டது. வாலாட்டிக் குருவி வந்தால் பனிக்காலப் பறவைகள் வரத் தொடங்கிவிட்டன. அவற்றுள் சோளக்குருவி எனப்படும் சூறைக்குருவி கூட்டம் கூட்டமாக வந்து சோளத்தைத் தின்னும்; வெட்டுக்கிளியையும் தின்னும். ஒரே பறவை ஒரு பருவத்தில் காவலராகவும் மறு பருவத்தில் களவாளியாகவும் இருப்பதைக் குறிப்பேடு காட்டிக் கொடுக்கும்.

வயலில் செய்ய வேண்டியவை

பயறு, நிலக்கடலை, பருத்தி, நெல் வயல்களில் ஏக்கருக்கு 15 முதல் 20 இடங்களில், பயிரைவிட ஓரிரு அடி உயரமாக 'டி' வடிவக் குச்சிகளை நடலாம். தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டாலும் போதும். பகலில் கரிச்சானும், இரவில் எலி பிடிக்கும் கூகையும் ஆந்தையும் இவற்றில் அமரும். நெல், சோளம் போன்ற தானியப் பயிர்களில் பால் பிடிக்கும் தருணத்தில் இவற்றைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிடில் தானியம் தின்னும் பறவைகளுக்கும் அவை ஆசனம் ஆகிவிடும்.

'வீட்டில் தீனி வைத்தால் வயலில் இறங்கப் பழகிவிடாதா?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வீட்டை அடுத்த வயலில் கதிர் பால் பிடிக்கும் போது தானியத் தட்டை எடுத்துவிட்டு, தண்ணீரை மட்டும் வையுங்கள். கதிரைக் காக்க, ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் வெள்ளியும் மின்னும் நாடாவை, பயிருக்குச் சற்று மேலே முறுக்கிக் கட்டலாம். எந்த மிரட்டலும் சில நாட்களில் பறவைக்குப் பழகிவிடும். ஆதலால் இடத்தையும் முறையையும் மாற்றிக் கொண்டே இருக்க வேண்டும். பக்கத்து விவசாயிகளோடு ஒரே சமயத்தில் விதைப்பதும் அவசியம். தனித்து முந்திக் கதிர் விடும் வயலே ஊர்ப் பறவைகளுக்கெல்லாம் விருந்தாகும்.

கூகையை அபசகுனம் என்று விரட்டுவது எலியை வரவேற்பதாகும். அது தங்கும் இடத்தின் கீழே உருண்டை உருண்டையாகக் கிடப்பது எச்சமல்ல. செரிக்காமல் கக்கிய முடியும் எலும்பும். அதைக் குச்சியால் பிரித்துப் பார்த்தால் எலி மண்டையோடு இருக்கும். எத்தனை எலி பிடித்தது என்ற கணக்கு கையில் கிடைக்கும்.

நஞ்சு விஷயத்தில் எச்சரிக்கை

மேலே சொன்ன பயன் எல்லாம் பறவை உயிரோடு இருந்தால்தான். குருணை மருந்தைத் தரையில் சிந்தினால் தானியம் என்று பறவைகள் பொறுக்கும். உடனே மண்ணால் மூட வேண்டும். விதைநேர்த்தி செய்த விதையையும் மண் மூட விதையுங்கள். எலி மருந்து வைத்தால், செத்த எலிகளை அன்றே பொறுக்கிப் புதைக்க வேண்டும். அவற்றைத் தின்னும் கூகையும் மடியும்.

1995-96-ல் அர்ஜென்டினா நாட்டில் வெட்டுக்கிளியை அழிக்க மானோகுரோட்டபாஸ் தெளித்தார்கள். அந்த வெட்டுக்கிளிகளைத் தின்று கொண்டிருந்த பருந்துகள் ஆயிரக் கணக்கில் செத்து விழுந்தன. பூச்சியை இலவசமாகத் தின்றவையே பூச்சி மருந்துக்குப் பலியாயின. நம் நாட்டிலும் இந்த மருந்தின் 36 சதத் திரவத்துக்கு 2023-ல் தடை ஆணை வந்தது. வீட்டில் பழைய புட்டி இருந்தால் பயன்படுத்தாதீர்கள். மயில் தொல்லை பொறுக்காமல் விஷம் கலந்த தானியம் வைப்பது, 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அதே தானியத்தைப் பொறுக்கி வீட்டுக் கோழியும் சாகும்.

கணக்கெடுப்பில் சேரலாம்

1998-ல் வட அமெரிக்காவில் தொடங்கிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு, 2013 முதல் உலகெங்கும் பிப்ரவரி மாதத்தில் நடக்கிறது. தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் நாட்களில் தனியே ஒரு கணக்கெடுப்பு நடத்தப்படுகிறது. கால் மணி நேரம் பார்த்து எண்ணிச் சொன்னால் போதும். தட்டுக்கு வரும் பறவைகளை ஒரு வருடம் பார்த்து எழுதிய பிள்ளைகள் இதில் நன்றாகப் பங்கு கொள்வார்கள்.

மருந்து தெளிக்கும் முன் வயலில் எத்தனை கரிச்சான், எத்தனை மைனா இருக்கின்றன என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். அவை நிறைய இருந்து, புழு குறைவாக இருந்தால், தெளிப்பை இரண்டு நாள் தள்ளிப் போட்டு மறுபடி புழுவை எண்ணலாம். கூடவில்லை என்றால் ஒரு தெளிப்புக்கான மருந்துச் செலவும் கூலியும் மிச்சம்.