வான் ஏறுவோர்க்குக் கம்பளியாடை ஏன்?

கிராண்ட்பாஸ் வீதியிலே சித்திரை வெயிலில் வியர்த்து நடக்கும் மாணவனிடம், இவ்வூர் வானிற் பறந்த விமானிக்கு ஆட்டுத்தோற் சட்டை பயன்படும் என்றால் அவன் நகைப்பான். நகைக்குமுன் ஒரு சிறு கணக்குச் செய்து பார்ப்போம்.

ஆயிரம் மீற்றர் ஏறுந்தோறும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறைகின்றது. தரையில் 30 பாகை சதமவளவையாயின், 6,000 மீற்றர் உயரத்தில் அது பூச்சியத்தின் கீழ் 9 பாகையாகும். 1942 ஏப்ரல் 5 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, இரத்மலானையிலிருந்தும் குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் ஹரிக்கேன் விமானங்கள் எதிர்த்தெழுந்தன. அவ்வகை விமானம் பத்து நிமிட அளவிலே அவ்வுயரத்தை எட்டவல்லது. கோடைக்கும் உறைபனிக்கும் இடையே அத்துணைச் சிறிய தூரமே உளது.

ஆடை வெப்பத்தை உண்டாக்குவதன்று. உடலின் வெப்பத்தைக் காப்பது. கம்பளி மயிர்களிடையே அசையாது நிற்கும் வளியே அரிதிற் கடத்தியாய் நின்று இதனைச் செய்கின்றது. காற்றுப் புகுந்து அவ்வளியை அகற்றினாற் பயனில்லை. முதலாம் உலகப் போரிலே சிட்னி கொற்றன் என்னும் அவுஸ்திரேலிய விமானி, எண்ணெய் தோய்ந்த வேலையுடையோடு அவசரமாகப் பறந்து மீண்டார். தோழர் நடுங்கினர், அவர் நடுங்கவில்லை. எண்ணெய்ப் பசை காற்றைத் தடுத்தமையே காரணம் என உணர்ந்து, மென்மயிர், வளிபுகாப் பட்டு, மேற்றுணி என மூன்றடுக்கில் 1917 இல் 'சிட்கொற்' உடையை அமைத்தார். 1930 ஆம் ஆண்டுகளில் வந்த ஏர்வின் சட்டையில் ஆட்டுமயிர் உள்ளேயும் தோல் வெளியேயும் இருந்ததும் இந்நியாயம் பற்றியே.

இன்னும் உயரச் சென்ற குண்டுவீச்சு விமானங்களில் இதுவும் போதாதாயிற்று. திறந்த பலகணியருகே நின்ற அமெரிக்கச் சுடுநர் பலர் குளிரால் விரல்களை இழந்தனர். அவர்க்கு மின்சூட்டாடை அளிக்கப்பட்டது. முதலில் வந்த எஃப்-1 ஆடையின் சுற்றுக்கள் தொடராக இணைக்கப்பட்டிருந்தமையால், ஒரு கம்பி அறுந்தால் முழுவதும் குளிர்ந்தது. பின்வந்த எஃப்-3 இல் அவை சமாந்தரமாக இணைக்கப்பட்டன. ஒன்று பழுதாயினும் மற்றையவை சூடு தந்தன.

மாணவர்களே, தொடரிணைப்பும் சமாந்தர இணைப்பும் பரீட்சைக்கு மட்டுமுரியன என்று எண்ணற்க. நாம் ஆய்கூடத்தில் இரு மின்குமிழ்களைக்கொண்டு காணும் வேற்றுமை, ஆங்கே ஒருவன் கைகளைக் காத்தது.