ரோமில் இரண்டு நாள், நண்பர்களோடு

ஊரிலிருந்தே எடுக்க வேண்டியது கொலோசியம் டிக்கெட். உள்ளே நுழையும் நேரமும் ஒவ்வொருவர் பெயரும் அதில் இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள், வாட்ஸ்அப் குழுவில் உள்ள செல்லப்பெயரை அல்ல! ரோமன் ஃபோரமும் பாலட்டைன் குன்றும் அதே டிக்கெட்டில் அடக்கம். நிழல் குறைவு, தொப்பி அவசியம்.

தண்ணீர் பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். தெருவுக்குத் தெரு 'நசோனி' என்ற இரும்புக் குழாய்கள் உண்டு. 1870-களில் வைக்கத் தொடங்கியவை. வளைந்த மூக்கிலிருந்து குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். மூக்கு நுனியை விரலால் அடைத்தால், மேலே உள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும்; குனியாமல் குடிக்கலாம். பக்கத்தில் நிற்பவர் நனைவார், அது தனி வேடிக்கை.

வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிறு விடுமுறை. மாதக் கடைசி ஞாயிறு மட்டும் இலவசம். ஆனால் கூட்டத்தை நினைத்தால் காசு கொடுத்துப் போவதே மேல். புனித பேதுரு பேராலயத்துக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். ஒரு துப்பட்டா கைவசம் இருக்கட்டும்.

பாந்தியனுக்கு 2023 முதல் கட்டணம். மழை நாளில் போனால் இன்னும் நல்லது: கூரை நடுவிலுள்ள திறப்பு வழியாகச் சாரல் உள்ளே விழும், தரையிலுள்ள துளைகள் அதை வாங்கிக்கொள்ளும்.

ஸ்பானியப் படிக்கட்டில் உட்கார்ந்து அரட்டை வேண்டாம், அபராதம் உண்டு. காபியை நின்றபடியே குடியுங்கள். மேசையில் உட்கார்ந்தால் பெரும்பாலும் விலை கூடும். ஆறு பேருக்கு அந்த வித்தியாசமே ஒரு ஐஸ்கிரீம் செலவு.