தாங்கியில் மிஞ்சிய எண்ணெய் யாருடைய பொறுப்பு?

கேள்வி: இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் கிராமம் ஒன்றில் வீடு வாங்கியிருக்கிறோம். பழைய ஒயில் பாய்லரைக் கழற்றிவிட்டு, அரச மானியத்துடன் ஹீட் பம்ப் பூட்டுகிறோம். தோட்டத்துத் தாங்கியில் சுமார் 400 லீற்றர் எண்ணெய் மிஞ்சிக் கிடக்கிறது. எங்கள் நிலம், எங்கள் எண்ணெய், மூலையில் குழி வெட்டி ஊற்றிவிடலாம் என்கிறார் கணவர். தாங்கியையும் எண்ணெயையும் சேர்த்து 100 பவுணுக்கு அகற்றித் தருவதாக வான் வைத்திருக்கும் ஒருவர் சொல்கிறார். எதைச் செய்யலாம்? – ஒரு வாசகி

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம். எண்ணெய் உங்களுடையது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சட்டம் இங்கே உரிமையைப் பார்ப்பதில்லை. அதை நீங்கள் கழித்துவிட நினைக்கிறீர்களா என்றுதான் பார்க்கிறது. வைத்திருப்பவர் கழிக்கிற, அல்லது கழிக்க எண்ணுகிற பொருள்தான் சட்டத்தின் கண்ணில் 'கழிவு'. எரிபொருளாக யாருக்காவது பயன்படும்வரை அந்த 400 லீற்றர் உங்கள் சொத்து. இனி வேண்டாம், எங்காவது தொலையட்டும் என்று முடிவெடுத்த கணமே அது கழிவாகி, உங்கள் தலையில் ஒரு கடமையும் ஏறிவிடுகிறது. ஆகவே எப்படி ஒழிப்பது என்று யோசிப்பதைவிட, கழிவாக மாறவிடாமல் எப்படிக் கைமாற்றுவது என்று யோசிப்பதே மலிவானது, பாதுகாப்பானதும்கூட.

சொந்த வீட்டுக் கழிவைச் சொந்த வளவுக்குள் அகற்றுவதற்கு 1990ஆம் ஆண்டின் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டம் சலுகை தருகிறதே என்று உங்கள் கணவர் கேட்கலாம். 33ஆம் பிரிவில் அப்படியொரு விலக்கு இருப்பது உண்மை. வீட்டுக் குப்பையை உரக்குழியில் போடுகிறவருக்கு அது உதவும். ஆனால் சுற்றாடலை மாசுபடுத்தவோ மனித உடல்நலத்தைக் கெடுக்கவோ கூடிய விதத்தில் அகற்றுவதற்கு அந்த விலக்கு பொருந்தாது. 3,500 லீற்றருக்கு மேற்படாத வீட்டுத் தாங்கிகளை 2001ஆம் ஆண்டின் எண்ணெய்ச் சேமிப்பு விதிகள் விட்டுவைத்திருக்கின்றன என்ற வாதமும் கைகொடுக்காது. அவை தாங்கி எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றியவை, எண்ணெய் எங்கே போகலாம் என்பதைப் பற்றியவை அல்ல. மண்ணில் ஊற்றியது நிலத்தடி நீரைச் சேர்ந்தால் 2016ஆம் ஆண்டின் சுற்றாடல் அனுமதி விதிகளின்கீழ் அது தனிக் குற்றம். இன்னொன்றையும் கவனியுங்கள்: இந்த எண்ணெய் பெரும்பாலும் மண்ணெண்ணெய். மண்ணுக்குள் ஓடும் பிளாஸ்டிக் குடிநீர்க் குழாயின் சுவரை ஊடுருவி உள்ளே போகக்கூடியது. குழாயில் ஓட்டையே இல்லாமல் குடிநீரில் எண்ணெய் வாடை வரும். உங்கள் வீட்டில் மட்டுமல்ல, பக்கத்து வீட்டிலும் வரலாம். அப்போது நட்டஈட்டு வழக்கும் சேர்ந்துகொள்ளும்.

கழிவுநீர்க் கானில் விடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 1991ஆம் ஆண்டின் நீர்த் தொழில் சட்டத்தின் 111ஆம் பிரிவு, 23 பாகை செல்சியஸுக்குக் கீழேயே தீப்பற்றும் ஆவியை விடும் பெற்றோலிய வகைகளைப் பெயர் சொல்லித் தடை செய்கிறது. மண்ணெண்ணெய் அந்த வகைக்குள் வராது என்று கெட்டிக்காரத்தனமாக வாதாட இடமுண்டு. அதே பிரிவு, கானைச் சேதப்படுத்தக்கூடிய, அல்லது கழிவுநீர்ச் சுத்திகரிப்பைப் பாதிக்கக்கூடிய எதையும் விடக்கூடாது என்றும் சொல்வதால் அந்த வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

அப்படியானால் ஒன்றும் செய்யாமல் தாங்கியிலேயே விட்டுவைப்போமே என்று தோன்றலாம். என் கணிப்பில் மிக ஆபத்தான தெரிவு இதுதான். வேல்ஸில் அபர்டிலரி என்ற ஊரில் எம்பிரஸ் கார் கொம்பனியின் முற்றத்தில் ஒரு டீசல் தாங்கி இருந்தது. அதன் குழாய்க்குப் பூட்டு இல்லை. 1995 மார்ச்சில் யாரோ ஒருவர் குழாயைத் திறந்துவிட, டீசல் எப்பு ஃபாக் ஆற்றில் கலந்தது. திறந்தவர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அந்நியரின் வேலைக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு என்று கொம்பனி கேட்டது. இப்படியான விஷமம் சாதாரணமாக நடக்கக்கூடியதே, எண்ணெயை அந்த நிலையில் வைத்திருந்தவரே மாசடைவுக்குக் 'காரணமானவர்' என்று 1998இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. குற்ற எண்ணம் இருந்ததா என்ற கேள்வியே எழவில்லை. கைவிடப்பட்டு, வெயிலில் வெடித்துப்போகும் பழைய பிளாஸ்டிக் தாங்கிக்கும் இதே தர்க்கத்தை நீட்டலாம்.

வான்காரர் விடயத்துக்கு வருவோம். வீட்டுக் கழிவை அனுமதி பெற்றவரிடமே ஒப்படைக்க நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்பது 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி குடியிருப்பவரின் கடமை. வான்காரர் எண்ணெயைக் கொண்டுபோய்ப் பற்றைக்குள் ஊற்றினால், உள்ளூர் கவுன்சில் உங்களுக்கு 600 பவுண் வரை தண்டம் விதிக்கலாம். காசு கொடுத்து ஆளை அமர்த்தினோம் என்பது மட்டும் போதிய பதிலாகாது. அவருடைய கழிவு ஏற்றும் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். சுற்றாடல் முகவரகத்தின் இணையப் பதிவேட்டில் இலவசமாகவே சரிபார்க்கலாம். இலக்கம் சொல்லத் தயங்கினால் அவரை அனுப்பிவிடுங்கள். பதிவு சரியாக இருந்தாலும் திகதியும் அளவும் எழுதிய பற்றுச்சீட்டு வாங்கி வையுங்கள்.

செய்யக்கூடியது இதுதான். ஹீட் பம்ப் பூட்டும் திகதியைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமானால், இருக்கும் பாய்லரிலேயே எரித்து முடியுங்கள். முடியாவிட்டால், அதே வகை எண்ணெயில் வீட்டைச் சூடாக்கும் அயலவருக்குக் கொடுங்கள். எண்ணெயைப் பம்ப் செய்து மாற்றித் தரும் நிறுவனங்கள் உண்டு. நீங்களே கொள்கலன்களில் மொண்டு சுமக்க வேண்டாம். நல்ல எண்ணெயை மட்டும் கொடுங்கள்: அடியில் தேங்கும் தண்ணீரும் சகதியும் எரிபொருளல்ல, அசல் கழிவு. அதையும் வெற்றுத் தாங்கியையும் பதிவுபெற்றவரே அகற்ற வேண்டும். டீசல் காருக்கு ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சூடாக்கும் எண்ணெய்க்கு எரிபொருள் தீர்வை விலக்கு இருப்பதால் அதை வீதி வாகனத்தில் பாவிப்பது தீர்வைக் குற்றம். கண்டுபிடிக்கவென்றே அதில் அடையாள இரசாயனம் சேர்த்திருக்கிறார்கள்.

வேலை நடக்கும்போது எண்ணெய் சிந்தினால் தண்ணீர் அடித்துக் கழுவாதீர்கள். மணலோ மண்ணோ போட்டு மறித்துவிட்டு, சுற்றாடல் முகவரகத்தின் 24 மணி நேர இலக்கமான 0800 80 70 60ஐ உடனே அழையுங்கள்; உங்கள் வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கும் அன்றே அறிவியுங்கள்.