அருகில் உள்ள கடைக்கே அனுப்பலாமா?

பிறையிலும் கெப்பாலா பத்தாஸிலும் இரு கிடங்குகள்; ஒவ்வொன்றிலும் 100 அரிசி மூட்டைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பட்டர்வொர்த்துக்கும், பினாங்குப் பாலத்தைக் கடந்து ஜார்ஜ் டவுனுக்கும் தலா 100 மூட்டைகள் அனுப்ப வேண்டும். ஒரு மூட்டைக்கு லாரிச் செலவு:

பிறை: பட்டர்வொர்த்துக்கு 1 ரிங்கிட், ஜார்ஜ் டவுனுக்கு 4 ரிங்கிட்.
கெப்பாலா பத்தாஸ்: பட்டர்வொர்த்துக்கு 2 ரிங்கிட், ஜார்ஜ் டவுனுக்கு 6 ரிங்கிட்.

மிகக் குறைந்த செலவு பிறை–பட்டர்வொர்த். அதையே தேர்ந்தெடுத்தால் மொத்தம் 100 + 600 = 700 ரிங்கிட். மாற்றி அனுப்பினால் 400 + 200 = 600 ரிங்கிட்தான்! கூடுதலாகும் 100 ரிங்கிட் கடைசியில் அரிசி விலையில்தான் ஏறும்.

காரணம் என்ன? பிறையிலிருந்து அனுப்புவதால் பட்டர்வொர்த் மூட்டைக்கு 1 ரிங்கிட் மிச்சம். ஜார்ஜ் டவுன் மூட்டைக்கோ 2 ரிங்கிட் மிச்சம். ஒப்பிட வேண்டியது செலவை அல்ல, வித்தியாசத்தை.

20 கிடங்குகளை 20 கடைகளுடன் ஒன்றுக்கொன்றாக இணைக்கும் வழிகள் 20!; அது 19 இலக்க எண். எல்லாவற்றையும் சோதிக்க முடியாது. 1947-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜார்ஜ் டான்ட்சிக் உருவாக்கிய சிம்ப்ளெக்ஸ் முறை, ஒரு திட்டத்தில் தொடங்கி, செலவு குறையும் திசையிலேயே படிப்படியாக நகரும். இனிக் குறைக்க வழியில்லை என்னும் இடமே உகந்த திட்டம். இந்தக் கணிதப் பிரிவு நேரியல் திட்டமிடல் எனப்படும்.

செய்து பாருங்கள்: கெப்பாலா பத்தாஸ்–பட்டர்வொர்த் செலவு 4 ரிங்கிட்டாக உயர்ந்தால் எந்தத் திட்டம் சிறந்தது?