வரமும் சாபமும் – திமிங்கலத்தின் கதை

நம் சின்னசேலத்திலிருந்து கடலைக் காண வேண்டுமானால் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். கல்வராயன் மலையடிவாரத்தில் வாழும் நம்மில் பலர் திமிங்கலத்தைப் பாடநூற் படத்தில் மட்டுமே கண்டிருப்போம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திற்குச் சென்றவர்கள் அதன் எலும்புக்கூட்டின் அருகே நின்று வியந்திருக்கலாம். ‘திமி’ என்னும் பெருமீனையும் விழுங்குவது என்பதே ‘திமிங்கிலம்’ என்ற சொல்லின் பொருள். ஆயினும் திமிங்கலம் மீனன்று. நம்மைப் போலவே நுரையீரலால் சுவாசித்து, குட்டி ஈன்று, பாலூட்டி வளர்க்கும் விலங்கு. நிலத்து விலங்கின் வழிவந்த இது கடலில் வாழ எத்தகைய மாற்றங்களைப் பெற்றது, அம்மாற்றங்களே அதற்கு எவ்வாறு இடராகவும் அமைந்தன என்பதை இங்குக் காண்போம்.

நிலத்திலிருந்து நீருக்கு

திமிங்கலத்தின் பூர்வீகம் நம் துணைக்கண்டம் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? காஷ்மீரின் காலகோட் பகுதியில் கிடைத்த புதைபடிவத்தைக் கொண்டு ‘இந்தோஹையஸ்’ என்னும் விலங்கினை 1971-இல் இந்தியப் புவியியலாளர் ரங்கா ராவ் உலகுக்கு அறிமுகம் செய்தார். ஏறத்தாழ 4 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அது, பூனையளவே இருந்த, குளம்புடைய சிறு விலங்கு. அவர் சேகரித்து வைத்திருந்த பாறைகளை ஆராய்ந்த தேவிசன் குழுவினர், அதன் காது எலும்பு திமிங்கலத்தின் காது எலும்பை ஒத்திருப்பதை 2007-இல் வெளியிட்டனர். இன்று வாழும் விலங்குகளுள் திமிங்கலத்திற்கு மிக நெருங்கிய உறவு நீர்யானையே!

கடலுக்கேற்ற உடல்

நீரில் இறங்கிய இவ்வினத்தின் முன்கால்கள் துடுப்புகளாயின. பின்கால்கள் மறைந்து, இடுப்பெலும்பின் எச்சம் மட்டும் உடலுள் தங்கியது. மீன் தன் வாலைப் பக்கவாட்டில் அசைக்கும். திமிங்கலமோ மேலும் கீழும் அசைக்கும். நான்கு கால் பாய்ச்சலில் ஓடும் விலங்கின் முதுகு வளைவதை நினைத்துப் பாருங்கள். அதே அசைவுதான் இது.

மூக்குத் துளை உச்சந்தலைக்கு ஏறியது. நாம் ஒரு மூச்சில் நுரையீரற் காற்றில் ஒரு சிறு பகுதியையே மாற்றுகிறோம். திமிங்கலம் பெரும்பகுதியை மாற்றிவிடும். மேலும், அதன் தசைகளில் உள்ள மயோகுளோபின் என்னும் புரதம் ஆக்சிஜனைச் சேமித்து வைக்கிறது. ஆதலால் எண்ணெய்த் திமிங்கலம் ஆயிரம் மீட்டருக்கும் கீழே மூழ்கி, ஒரு மணி நேரம்கூட மூச்சடக்க வல்லது.

நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடல் வெப்பத்தைக் கவரும். இதற்குக் காப்பாகத் தோலின் கீழ் தடித்த கொழுப்பு அடுக்கு அமைந்தது. ஒளி புகாத ஆழத்தில் கண் பயன்படாது. ஆனால் ஒலி நீரில் காற்றைவிட நான்கு மடங்குக்கு மேல் விரைவாகச் செல்லும். எனவே செவியே அதற்குக் கண்ணாயிற்று. பல்லுள்ள திமிங்கலங்கள் ஒலியெழுப்பி, அதன் எதிரொலியால் இரையை அறிகின்றன. நீரின் மிதப்பு உடலைத் தாங்குவதால் நீலத்திமிங்கலம் 30 மீட்டர் வரை நீண்டு, 150 டன்னுக்கு மேல் எடை பெற முடிந்தது.

வரமே சாபமாதல்

இவ்வரங்கள் ஒவ்வொன்றும் சாபமாக மாறியதை எண்ணினால் நெஞ்சு கனக்கிறது. குளிரைக் காத்த கொழுப்பு, விளக்கெரிக்கும் எண்ணெயாகவும் சோப்பாகவும் மனிதனுக்குப் பயன்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 29 இலட்சம் திமிங்கலங்கள் கொல்லப்பட்டதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. மூச்சுவிட மேலே வந்தே ஆக வேண்டிய உயிர், வலையில் சிக்கினால் கடலிலேயே மூச்சுத்திணறி மடிகிறது; கப்பலிலும் மோதுகிறது. இலங்கையின் தென்முனையில் நீலத்திமிங்கலங்கள் மேயும் நீர்ப்பரப்பின் வழியேதான் உலகின் நெரிசல் மிக்க கப்பல் பாதைகளுள் ஒன்று செல்கிறது. கப்பல் பொறிகளின் இரைச்சலோ, செவியால் வாழும் உயிரைக் குருடாக்குகிறது.

மணப்பாடு தரும் பாடம்

பைலட் திமிங்கலங்கள் கூட்டத்தை விட்டுப் பிரியாதவை. 1973 சனவரியில், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து மணப்பாடு கரையில் 147 பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2016 சனவரியில், மணப்பாடு திருச்செந்தூர் பகுதியிலேயே மீண்டும் எண்பதுக்கு மேற்பட்டவை கரையேறின. மீனவரும் அலுவலரும் இரவு பகலாக அவற்றைக் கடலுக்குள் தள்ளினர். சில மீண்டும் கரைக்கே திரும்பின! நாற்பதுக்கு மேற்பட்டவை இறந்தன. ஏன் ஒதுங்கின என்பதற்கு இதுதான் காரணம் என்று அறுதியிட்டுக் கூற இயலவில்லை. ஆனால் ஒன்று தவித்தால் மற்றவை அதை விட்டு நீங்காத பாசம் இவ்வினத்தின் இயல்பு என்பது அறிந்ததே. கரையில் நீரின் தாங்குதல் இல்லை. உடலின் எடையே நுரையீரலை நசுக்குகிறது. குளிர்காத்த கொழுப்பே உடலை வெப்பத்தால் வாட்டுகிறது. கடலுக்கென்றே செதுக்கப்பட்ட உடலுக்கு, முன்னோர் வாழ்ந்த நிலமே எமனாகிறது.

நம் கடமை

பன்னாட்டுத் திமிங்கல ஆணையம் 1979-இல் இந்துமாக்கடலைத் திமிங்கலங்களின் புகலிடமாக அறிவித்தது. 1982-இல் வணிக வேட்டையை நிறுத்த முடிவு செய்தது. 1986 முதல் அது நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டிலும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் திமிங்கலங்களைக் காக்கிறது. எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உண்டாகும் அம்பரை விற்பதும் குற்றமே.

“கடலைக் காணாத நமக்கு இதில் என்ன பங்கு?” என்று கேட்கலாம். 2018-இல் இந்தோனேசியாவில் கரையொதுங்கிய ஓர் எண்ணெய்த் திமிங்கலத்தின் வயிற்றில் ஏறத்தாழ ஆறு கிலோ பிளாஸ்டிக் இருந்தது: 115 கோப்பைகள், 25 பைகள், இரண்டு ரப்பர் செருப்புகள்! இவை திமிங்கலம் தேடிப்போய் உண்டவை அல்ல. கரையில் வாழ்வோர் எறிந்தவை. நம் கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியின் நீர், வெள்ளாற்றோடு கலந்து பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. கோமுகியில் நாம் வீசும் பைக்கும் வழி அதுவே. மழைக்கால வெள்ளம் அதைக் கொண்டு சேர்க்கும்.

நண்பர்களே! கால்களைத் துறந்து கடலுக்குச் சென்ற அவ்வுயிர், கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலின் ஒவ்வொரு சோதனைக்கும் ஏற்பத் தன் உடலை மாற்றிக்கொண்டது. நெகிழிப் பைக்கும் நைலான் வலைக்கும் ஏற்ப மாறிக்கொள்ள அதற்குக் காலம் இல்லை. மாற வேண்டியவர்கள் நாமே.