கடைத் திறப்பு விழாவும் ட்ரோன் சட்டமும்

புதுக்கடை திறப்பு என்றால் முன்பெல்லாம் நாதஸ்வரமும் மைக் செட்டும் போதும். இப்போது மேலிருந்து படம் எடுக்க ட்ரோன் வேண்டும் என்கிறோம். உரக்கடை அன்பர்கள் சிலர், வயலுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோனை வாடகைக்குப் பேசிக் கொடுக்கிறார்கள்.

மற்ற ஊர் வியாபாரிகளைவிட நாம் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நமது நாங்குநேரி வட்டத்திலேயே, விஜயநாராயணத்தில், நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் கடற்படை வானொலி நிலையமான ஐ.என்.எஸ். கட்டபொம்மன் 1990 முதல் இருக்கிறது. தெற்கே மகேந்திரகிரியில் இஸ்ரோவின் ராக்கெட் என்ஜின் சோதனை மையம். கடலோரத்தில் கூடங்குளம் அணுமின் நிலையம். ஜம்மு விமானப்படைத் தளத்தில் 27-6-2021 அன்று ட்ரோன் மூலம் குண்டு போட்ட பிறகு, இத்தகைய இடங்களின் அருகில் எது பறந்தாலும் சந்தேகம்தான்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 25-இல் ட்ரோன் விதிகள் வெளியாயின. தொழிலுக்குப் பல சலுகைகள் தந்த விதிகள்தான். ஆனால் இடத்தைப் பொறுத்தவரை கண்டிப்பானவை. வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கிறார்கள். பச்சையில் 400 அடி வரை தனி அனுமதி தேவையில்லை. மஞ்சளுக்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதியும், சிவப்புக்கு மத்திய அரசின் அனுமதியும் வேண்டும். வரைபடம் 'டிஜிட்டல் ஸ்கை' இணையதளத்தில் இருக்கிறது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் ஓர் இடத்தைத் தற்காலிகச் சிவப்புப் பகுதியாக அறிவிக்கலாம் என்பதால், போன வாரம் பச்சை என்று பார்த்தது போதாது. பறக்கவிடும் அன்றே பார்க்க வேண்டும்.

"மளிகைக் கடையைப் படம் எடுப்பதில் என்ன ரகசியம்?" என்று கேட்கலாம். 400 அடி உயரத்தில் காமிரா நம் கடையோடு நின்றுவிடுவதில்லை. 1923-ஆம் ஆண்டு அலுவலக ரகசியச் சட்டத்திலேயே, நாட்டின் பாதுகாப்புக்குக் கேடான நோக்கத்துடன் தடை செய்யப்பட்ட இடத்தின் மேலாகச் செல்வது குற்றம் என்று இருக்கிறது. நோக்கம் தவறில்லை என்றாலும், அதை விளக்கக் காவல் நிலையத்தில் உட்கார வேண்டியிருக்கும். வியாபாரம் கெடும்.

ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் படக்காரரிடம் ட்ரோனின் பதிவு எண்ணைக் கேளுங்கள். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைக் கூலிக்கு ஓட்டுபவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். 2021 விதிகளை மீறினால் அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை.

விளையாட்டுச் சாமான் விற்பவர்களுக்கும் ஒன்று. 9-2-2022 முதல் வெளிநாட்டு ட்ரோன்களை முழுதாகவோ பாகங்களாகப் பிரித்த தொகுப்பாகவோ இறக்குமதி செய்யத் தடை உண்டு. ஆராய்ச்சி, பாதுகாப்புத் தேவைகளுக்கு மட்டும் விலக்கு. பில் இல்லாமல் வரும் பெட்டியைக் கடையில் இறக்க வேண்டாம்.